வயல் எது, மனை எது? பாலக்காட்டு எல்லைப் பஞ்சாயத்துகளில் வீடு கட்டும் முன் தெரிய வேண்டியவை

கொழிஞ்சாம்பாறையிலோ எருத்தேம்பதியிலோ சாலையோரம் பத்து சென்ட் வாங்கியவர் வீடு கட்ட அனுமதி கேட்கப் போகிறார். ‘ரெக்கார்டில் இது வயல்’ என்று மனு திரும்பி வருகிறது. அந்த இடத்தில் நெல் விளைந்து அவர் பார்த்ததே இல்லை; நிற்பதெல்லாம் தென்னை. சில கிலோமீட்டர் தள்ளி, எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சிச் சாலையில் மனை வாங்கிய அவருடைய மச்சானுக்கு வேறு சிக்கல். அங்கே வயலா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் மனையை மறுபடி விற்கப் போனால் ‘அப்ரூவல் இல்லை’ என்று சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிய மறுக்கிறார்.

ஒரே மண், ஒரே சொந்தபந்தம், இரண்டு சட்டம். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் இந்தக் குழப்பம் புதிதல்ல. ஆனால் 2024 ஆகஸ்டில் பாலக்காட்டுக்குத் தொழில் நகரம் அறிவிக்கப்பட்டது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய் திட்டம். அதன்பின் புதுசேரி தொடங்கி எல்லை வரை நிலம் தேடுவோர் கூடிவிட்டார்கள். தெரியாமல் முன்பணம் கொடுப்பவர்களும்தான்.

கேரளச் சட்டம் நிலத்தின் பழைய வரலாற்றைக் கேட்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் மனையின் வரைபடத்தைக் கேட்கிறது. ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது பஞ்சாயத்து. அது கேட்காததால், அந்த முடிவை நிலத்தரகரும் தார்ச்சாலையும் எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் பதிவேடுகள்

கேரள வில்லேஜ் ஆபீசில் உள்ள அடிப்படை வரிப் பதிவேடு ஒவ்வொரு சர்வே எண்ணையும் இரண்டு பெரிய வகைக்குள் அடக்குகிறது. ஒன்று ‘நிலம்’, அதாவது நெல்வயல். மற்றது ‘புரயிடம்’, அதாவது வீடும் தோட்டமும் இருக்கத்தக்க மேட்டு நிலம். வரி ரசீதிலும் கைவசச் சான்றிலும் இதே வகைதான் வரும். கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் பார்க்கப்படுவது இந்த ஒற்றைச் சொல்தான். நிலத்தில் இன்று என்ன நிற்கிறது என்பது அடுத்த கேள்வி.

இரண்டாவது ஆவணம் டேட்டா பேங்க். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு தயாரித்த பட்டியல் இது. பஞ்சாயத்துத் தலைவர் குழுவின் தலைவர், வேளாண் அலுவலர் அமைப்பாளர், வில்லேஜ் ஆபீசரும் மூன்று விவசாயிப் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த 12.8.2008 அன்று நெல்வயலாக இருந்தவை இதில் ஏற வேண்டும். பயிர் செய்யாமல் தரிசாகப் போட்டிருந்தாலும், நெல் விளையத் தகுந்த நிலமென்றால் அதுவும் வயல்தான்.

ஆக, ஒரு துண்டு நிலத்துக்கு நான்கு நிலைகள் வரலாம்:

1. வரிப் பதிவேட்டில் புரயிடம், டேட்டா பேங்கில் இல்லை. வீடு கட்ட வகை மாற்றம் எதுவும் தேவையில்லை.
2. வரிப் பதிவேட்டில் வயல், டேட்டா பேங்கில் இல்லை. 2008-க்கு முன்பே மேடாக்கப்பட்ட நிலம் என்று பொருள். கட்டணம் கட்டித் தரம் மாற்றலாம், அதாவது பதிவேட்டில் வயல் என்ற வகையை மாற்றிக்கொள்ளலாம்.
3. வரிப் பதிவேட்டில் வயல், டேட்டா பேங்கிலும் இருக்கிறது. ஆனால் 2008-க்கு முன்பே தென்னந்தோப்பு ஆகிவிட்டது. பட்டியலில் தவறாக ஏறியது. முதலில் அதை நீக்க வேண்டும்.
4. உண்மையிலேயே வயல். இங்கே வழி மிகக் குறுகியது.

முன்பணம் கொடுக்கும் முன் இந்த நான்கில் எது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வரிப் பதிவேட்டு நகல் வில்லேஜ் ஆபீசில் கிடைக்கும். டேட்டா பேங்கைக் கிருஷி பவனில், அதாவது பஞ்சாயத்தின் வேளாண் அலுவலகத்தில் பார்க்கலாம். விற்பவர் காட்டும் ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) ‘தென்னந்தோப்பு’ என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது. ஆதாரத்தில் என்ன எழுதினாலும் பதிவேட்டின் வகை மாறாது.

யாருக்கு எந்தப் படிவம்

தரம் மாற்றும் மனுக்கள் வருவாய்த் துறையின் இணையதளம் வழியாக ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போகின்றன. மனுக்கள் மலைபோல் குவிந்ததால், 2024-இல் ஒப்புதல் பெற்ற திருத்தத்தின் மூலம் துணை ஆட்சியர்களுக்கும் இந்த அதிகாரம் தரப்பட்டது.

டேட்டா பேங்கிலிருந்து நீக்கப் படிவம் 5. வேளாண் அலுவலர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். தேவைப்பட்டால் கேரள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்திடம் 2008-ஐ ஒட்டிய செயற்கைக்கோள் படங்களைக் கேட்டுப் பெறலாம். மனு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்தப் படத்தில்தான். 2008-இல் ஐந்து வயதுத் தென்னை நின்றிருந்தால் படத்தில் தெரியும். 2010-இல் வைத்த தென்னையைக் காட்டி வாதாடினால் அதே படம் எதிராகச் சாட்சி சொல்லும்.

பட்டியலில் இல்லாத 50 சென்ட் வரையிலான நிலத்துக்குப் படிவம் 6. அதற்கு மேல் படிவம் 7. 4.7.1967-க்கு முன்பே மேடாக்கப்பட்ட நிலமென்றால் படிவம் 9. அந்தத் தேதி 1967-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு ஆணை வந்த நாள். 50 சென்டுக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காட்டை நீர் சேமிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதை வரைபடத்தில் ஒரு மூலையில் நீல வண்ணம் தீட்டிக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் தானாக வந்து சேரும் தாழ்ந்த மூலையில் அந்தப் பத்து விழுக்காடு இருந்தால்தான் பயன்.

சிறு வீட்டுக்கு ஒரு சலுகை இருக்கிறது. டேட்டா பேங்கில் இல்லாத வயலில், 10 சென்ட் வரையிலான மனையில் 120 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 1,290 சதுர அடி வரை வீடு கட்டத் தரமாற்றம் தேவையில்லை. 5 சென்டில் 40 சதுர மீட்டர் வரை கடை கட்டுவதற்கும் அப்படித்தான். இது தெரியாமல் படிவம் 6 போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர்.

நான்காவது நிலையில் இருப்பவருக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை, சொந்த வீட்டுக்கு மட்டும் அனுமதி கிடைக்கலாம். மாவட்டத்தில் வீடு கட்டத் தகுந்த வேறு நிலம் அவருக்கோ குடும்பத்துக்கோ இருக்கக் கூடாது. பக்கத்து வயலின் பயிருக்கு இடைஞ்சல் வரக் கூடாது. நாலாபக்கமும் வயல் சூழ்ந்த நடுத் துண்டாக இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் பலரை நிறுத்துவது. நிறுத்தவும் வேண்டும்: நடுவயலில் எழும் ஒரு வீட்டுக்குப் பாதை வேண்டும், அந்தப் பாதை வாய்க்காலை மறிக்கும், கீழ்மடை காயும், காய்ந்த கீழ்மடை அடுத்த ஆண்டு விற்பனைக்கு வரும்.

அனுமதியில்லாமல் மண்ணடித்தால் வில்லேஜ் ஆபீசர் வேலையை நிறுத்தச் சொல்லி ஸ்டாப் மெமோ கொடுப்பார். லாரியும் ஜேசிபியும் பறிமுதலாகலாம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உள்ளன. நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம். அபராதத்தைவிட இதுதான் பெரிய செலவு. அடித்த மண்ணை அள்ள வேண்டும், அள்ளியதைக் கொட்ட இன்னொரு இடம் வேண்டும்.

25 சென்ட் கணக்கில் விழும் பள்ளம்

25 சென்ட் வரை தரமாற்றக் கட்டணம் இல்லை என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஒரு ஏக்கர் வரை அரசு நிர்ணயித்த நியாய விலையில் பத்து விழுக்காடு, அதற்கு மேல் இருபது விழுக்காடு. இந்த அறிவிப்பு வந்ததும் தரகர்கள் இரண்டு ஏக்கரை எட்டுத் துண்டாக்கி, ‘ஒவ்வொன்றும் 25 சென்ட், கட்டணமே கிடையாது’ என்று விற்கத் தொடங்கினார்கள்.

அது நடக்காது. 30.12.2017 அன்றே 25 சென்ட் அல்லது அதற்குக் குறைவாகத் தனித்துண்டாக இருந்த நிலத்துக்குத்தான் அந்த விலக்கு. அதன்பின் பெரிய நிலத்திலிருந்து வெட்டி வாங்கிய துண்டுக்குக் கட்டணம் உண்டு. மூல ஆதாரத்தின் தேதியையும் அன்றைய மொத்தப் பரப்பையும் பார்க்காமல் வாங்கினால், மனையின் நியாய விலையில் பத்தில் ஒரு பங்கு திடீரென்று தலையில் விழும்.

இன்னொன்று. ஆர்.டி.ஓ. உத்தரவு கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். கட்டணம் கட்டி, தாசில்தார் அலுவலகம் வழியாக வரிப் பதிவேட்டில் திருத்தம் ஏறி, புதிய வகையில் வரி கட்டிய ரசீது வந்த பிறகுதான் பஞ்சாயத்து மனுவை எடுக்கும். சர்வே எண் உட்பிரிவு ஆகாமல் இருந்தால் அங்கேயும் ஒரு சுற்று காத்திருப்பு.

தமிழ்நாட்டுப் பக்கம்

நடுப்புணி, வேலந்தாவளம் தாண்டினால் கேள்வி மாறுகிறது. விவசாய நிலத்தை மனையாக்க, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களில் வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றத் தனி விதிகள் 2017-இல் வந்தன. அதற்கு முன் பல ஆண்டுகள் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஊராட்சித் தலைவரின் முத்திரையோடு மனைகள் விற்றன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவைத் தடுத்தது. மறு ஆண்டு வந்த வரன்முறை விதிகள், 20.10.2016-க்கு முன் விற்ற மனைகளை மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்த வழிசெய்தன. பத்திரத்தில் அந்தத் தேதியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். கேரளத்திலும் இந்த விதி உண்டு.

ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் சாலை, பூங்கா இடம் எல்லாம் காட்டினால் நல்ல நஞ்சையும் மனையாக மாற வழி இருக்கிறது. கேரளத்தில் வயலுக்குக் காவல் உண்டு, மேட்டு நிலத்துக்குக் கிடையாது. சித்தூரின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் வயலைவிட மேட்டு நிலமே அதிகம் என்பதால், இந்த இரண்டாவது ஓட்டை சின்னதல்ல.

இந்த மண்ணுக்கு ஏன் இத்தனை கவலை

கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்களுக்கு எல்லையோர வடகரப்பதிப் பஞ்சாயத்து புரியாது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரம் மழை மறைவு நிலம். பயிரும் முகமும் கோவை மாவட்டத்தைப் போல. சித்தூர்ப்புழைப் பாசனம், தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கிடைக்க வேண்டிய ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி.யை நம்பியிருக்கிறது. கால்வாய் எட்டாத ஊர்களில் ஆழ்துளைக் கிணறுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்புகளில் சித்தூர் வட்டாரம் அபாயப் பட்டியலில் திரும்பத் திரும்ப இடம்பெற்றிருக்கிறது.

இங்கே ஒரு ஏக்கர் வயலில் வரப்பு கட்டிப் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது நான்கு லட்சம் லிட்டர். ஒரு பருவத்தில் வயல் பலமுறை நிரம்பி வடிகிறது. அதை மேடாக்கினால் அவ்வளவும் பக்கத்து வீட்டு முற்றத்துக்கோ சாலைக்கோ போகும்; கிணற்றுக்குப் போகாது.

அடுத்தது மண். இப்பகுதியில் பல இடங்களில் கரிசல். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் களிமண். மூன்றடி ஆழத்தில் கருங்கல் அடித்தளம் போட்டு எழுப்பிய வீட்டில் இரண்டு கோடைக்குள் சுவர் மூலையில் சாய்வாக வெடிப்பு விழும். மேலே சிமெண்டு பூசினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். ஈரம் ஏறி இறங்காத ஆழத்துக்கு அடித்தளம் போக வேண்டும். ஆழமான கரிசலில் அடி பருத்த தூண்கள் போடுவதுதான் நம்பகமான முறை. இந்தியத் தரநிலை அதற்குக் குறைந்தது 3.5 மீட்டர் நீளம் சொல்கிறது. கரிசலின்மேல் அடித்த புதிய செம்மண்ணில் நேரடியாகக் கட்டுவது இன்னும் மோசம். அடித்த மண் ஒரு பக்கம் இறங்கும், அடியில் கரிசல் இன்னொரு பக்கம் உப்பும்.

கழிவறைக் குழியும் இங்கே வேலை செய்யாது. செம்மண்ணில் சில மணி நேரத்தில் உறிஞ்சும் நீர் கரிசலில் நாள்கணக்கில் நிற்கும். ஐப்பசி மழையில் குழி நிரம்பி மேலே வழியும். கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிப்படி குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும். ஐந்து சென்ட் மனைகளை வரிசையாக வெட்டினால், என் மனையில் நான் விட்ட இடைவெளி பக்கத்து மனைக் கிணற்றுக்குப் பொருந்தாமல் போகும். மனைப்பிரிவு வரைபடத்திலேயே கிணறு ஒரு வரிசை, குழி எதிர் வரிசை என்று குறிக்காவிட்டால், பின்னால் சண்டை மட்டும்தான் மிஞ்சும்.

சாலையோரம் நீளும் ஊர்

ஐம்பது வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 15 மீட்டர் முகப்பு. சாலையின் இருபுறமும் நெருக்கமாக நின்றால் 375 மீட்டர் போதும். அதே ஐம்பதும் ஒரே பக்கத்தில் 60 மீட்டருக்கு ஒன்றாகச் சிதறினால் மூன்று கிலோமீட்டர். 30 மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம் என்றால், 13 கம்பத்தில் முடிவது 100 கம்பம் ஆகும். குடிநீர்க் குழாய் எட்டு மடங்கு நீளும். கடைசி வீட்டில் அழுத்தம் இருக்காது. வீட்டு வரி இரண்டு ஊரிலும் ஒன்றேதான்.

இதற்குள் இன்னொரு கேடு. சாலையோர மனைகள் முதலில் விற்றுவிடும். பின்னால் இருக்கும் பத்து ஏக்கருக்குப் பாதை அடைபடும். வண்டி போகாத தோட்டத்தைக் காலப்போக்கில் சாலையோர மனைக்காரரே அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

பஞ்சாயத்தின் கையில் என்ன இருக்கிறது

2016-ஆம் ஆண்டு கேரள நகர, ஊரமைப்புச் சட்டப்படி பஞ்சாயத்தும் தன் எல்லைக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் தயாரிக்கலாம். அதே ஆண்டு மத்திய அரசு ஊரகப் பகுதி வளர்ச்சித் திட்டத்துக்கான வழிகாட்டியை வெளியிட்டு, 2021-இல் திருத்தியது. ஆனால் பெரும்பாலான கிராமப் பஞ்சாயத்துகளில் அப்படி ஒரு வரைபடம் இல்லை. அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வார்டு அளவில் கிராம சபையே அடித்தளம் போடலாம்:

1. வில்லேஜ் ஆபீசின் சர்வே வரைபடத்தைப் பெரிதாக்கி நகல் எடுக்க வேண்டும். செல்போன் வரைபடம் உதவிக்கு மட்டும். சர்வே எண் இல்லாத வரைபடம் எந்த அலுவலகத்திலும் செல்லாது.
2. முதலில் தண்ணீரைக் குறிக்க வேண்டும்: ஓடை, வாய்க்கால், குளம், மழையில் நீர் தேங்கும் பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் நடந்து பார்த்தால் சுவர்களில் நீர் நின்ற தடம் இருக்கும். வீடுகளை முதலில் குறித்தால், பிறகு தண்ணீருக்கு வழிவிட யாருக்கும் மனம் வராது.
3. டேட்டா பேங்க் எண்களுக்கு ஒரு நிறம். தவறாக ஏறிய எண்களைத் தனியாகப் பட்டியலிட்டால், உரியவர்களைச் சேர்ந்தே படிவம் 5 போட வைக்கலாம்.
4. கரிசல், செம்மண், பாறை என்று மண்ணைப் பிரிக்க வேண்டும். கிணறு வெட்டியவர்களைக் கேட்டாலே முக்கால் வாசி தெரிந்துவிடும்.
5. ஊருக்குள் காலியாகக் கிடக்கும் மனைகளை எண்ண வேண்டும். குழாயும் விளக்கும் ஏற்கெனவே வந்துவிட்ட இந்த இடங்கள்தான் முதலில் நிரம்ப வேண்டியவை.
6. அதன்பிறகு, அடுத்த பத்து ஆண்டுக் குடியிருப்பு எந்த எண்களுக்குள் என்று கோடு போட வேண்டும்.

இந்தக் கோட்டுக்குச் சட்ட பலம் உடனே வராது. ஆனால் பஞ்சாயத்திடம் இன்னொரு கருவி இருக்கிறது: திட்ட நிதி. எந்தப் பாதையை ஆஸ்தி பதிவேட்டில் ஏற்றித் தார் போடுவது, எங்கே குழாய் இழுப்பது என்பது அதன் முடிவு. வயல் நடுவே ஒரு பாதைக்குத் தார் போட்டுவிட்டு, பிறகு அங்கே வீடு வருகிறதே என்று கண்காணிப்புக் குழுவில் வருந்திப் பயனில்லை. கோட்டுக்கு வெளியே புதுத் தார்ச்சாலை இல்லை என்ற ஒரு முடிவு, பத்து ஸ்டாப் மெமோவை விட அதிகம் செய்யும்.

அதிகாரத்தின் எல்லையையும் தெரிந்து வைக்க வேண்டும். பிளாச்சிமடை குளிர்பான ஆலைக்கு உரிமம் புதுப்பிக்க மாட்டோம் என்று பெருமாட்டி பஞ்சாயத்து 2003-இல் முடிவெடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு நிபுணர் குழு அறிக்கையை வைத்து நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. 2004 மார்ச்சிலேயே ஆலை நின்றுவிட்டது வேறு கதை. நீதிமன்றத்தில் எடை போடப்படுவது அளவீடு. வார்டுக்குப் பத்துக் கிணறுகளில் கோடை முடிவிலும் மழை முடிவிலும் நீர்மட்டத்தை அளந்து எழுதிவைக்கும் பஞ்சாயத்துக்கு அடுத்த வழக்கில் சொல்ல ஏதாவது இருக்கும். ஒரு நாடாவும் ஒரு நோட்டும் போதும்.

கிராம சபைத் தீர்மானம் எழுதும்போது ‘நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். சர்வே எண், பரப்பு, எதைத் தடுக்க வேண்டும், எந்த அலுவலர் செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். வரைபட நகலில் உறுப்பினர்கள் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். மலையாளத்தில் எழுதத் தயங்குவோர் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களோடும், தலைமைச் செயலகத்தோடும் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தருகிறது. மனுவைத் தந்ததும் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.